பெர்மிட் பட்டியலில் இல்லாத ஆள்

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் பெர்மிட் எடுக்கும் கிராணியை, தோட்டத்து எழுத்தரை, எல்லா ஆட்களும் இருக்கும்வரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஓர் ஆள் குறைந்துவிட்டால் மட்டும் ஊரே அவன் மேசைக்கு வந்து நிற்கும். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் எண் சீட்டோடு குடிநுழைவு அலுவலகக் கவுண்டர் முன் உட்கார்ந்து கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மலாய் மொழிப் படிவங்களை, எங்கள் பேச்சில் பாரங்களை, பழைய பாரங்களைப் பார்த்து எழுதித்தான் படித்தேன். மலேசியாவின் கோலசிலாங்கூரில், ஆறு கடலில் சேரும் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த வேலை. ஆண்டுதோறும் பெர்மிட் புதுப்பிப்பது, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது, காப்புறுதி போடுவது, லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், ஆளுக்கு ஒரு கட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை உண்டு. பெர்மிட்டில் எந்த முதலாளி, எந்தத் தோட்டம் என்று எழுதியிருக்கிறதோ, ஆள் அங்கேதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடிவிட்டார் என்று முதலாளி அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைகளை எழுதியவன் நான்.

ரைஸ் குக்கர்

ஓடுகிறவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் காணாமல் போகிறவர்கள் இல்லை. ரவாங்கில் வீடு கட்டும் இடத்தில் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்க மாட்டார். ஒரு மாதம் கழித்து எப்படியும் ஒரு சேதி வந்துவிடும். புதுச் சட்டையோடு எடுத்த படத்தைக் கூட்டாளிக்கு அனுப்புவார்கள். விட்டுப்போன செருப்பைக் கேட்பார்கள்.

உலு யாம் பக்கம் ஓடிப்போன ஒருவர் அலுவலகத்துக்கே தொலைபேசி போட்டார். நான் அவர்மேல் அறிக்கை கொடுத்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். பிறகு எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்றேன். “என் ரைஸ் குக்கரை மூன்றாம் லயத்துக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், கிராணி. மூடி மட்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.”

ஆற்றோரத்து ஆள்

ஜுமாடி லொம்போக் தீவிலிருந்து வந்தவர். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். எங்கள் தோட்டம் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலம். ஆற்றோரம் மண்கரை போட்டுத்தான் செம்பனையைக் காப்பாற்றுகிறோம். கரையில் ஒரு தண்ணீர்க் கதவு. கடல் ஏறும்போது அதை இறக்கி அடைக்க வேண்டும், வற்றும்போது ஏற்றித் திறந்துவிட வேண்டும். அதுதான் அவருக்கு வேலை. கடல் ஏறும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். அதனால் காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, அவர் வர வேண்டியதில்லை. மற்றவர்கள் பெயரைக் கூப்பிட்டதும் மலாயில் “அடா”, இருக்கிறேன், என்று சொல்லி நிற்பார்கள். அவர் பெயரை யாரும் கூப்பிடுவதே இல்லை. இது எங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். எழுத்தில் கிடையாது.

அவரோடு ஒரே அறையில் இருந்த சப்ரி என்ற மூத்த தொழிலாளி ஒருநாள் வந்து, ஜுமாடி நாலு நாளாக அறைக்கு வரவில்லை என்றார். கதவுக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தார்களாம். நல்ல காலணி, புதுச் சாரம், தொழுகைப் பாய் எல்லாம் அறையில் இருந்தன. கைப்பேசி மட்டும் இல்லை. கூப்பிட்டால் அடங்கிக் கிடந்தது. நான் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆறுமுகத்தைக் கேட்டேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். தோட்டத்தில் அவருக்குத் தெரியாத காலடி கிடையாது.

அந்த மாதம் நாற்பத்து மூன்று பேருக்கும் பெர்மிட் புதுப்பிக்கும் மாதம். ஆள் இல்லாமல் பட்டியலைக் கொடுக்க முடியாது. மேனேஜர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். காப்புறுதியும் மனதில் ஓடியது. வேலையில் அடிபட்டு இறந்தவரின் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்கும். ஓடியவர் என்று எழுதிவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை, அவரும் மறுபடி இந்த நாட்டுக்குள் வர முடியாது. ஆகவே பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தேன். சற்று என்பது ஒரு கோப்பை காப்பி குடிக்கும் நேரம். மண்டோர் சைக்கிளை விட்டு இறங்காமலே சன்னல் வழியாகச் சொன்னார்: “ரவாங் பஸ் ஸ்டாண்டுல பாத்தாங்களாம், கிராணியாரே. நீங்க எழுதுங்க லா.”

கரிக்கோடுகள்

அறிக்கை கொடுத்து மூன்று வாரம் கழித்துத்தான் தண்ணீர்க் கதவின் ஞாபகம் வந்தது. அதற்கு வேறு ஆள் போட வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மண்டோர் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ நான் போட்டிருப்பேன் என்று நினைத்திருந்தார். அந்த மூன்று வாரமும் தோட்டத்தில் ஒரு செம்பனை வரிசைகூட உப்புத் தண்ணீரில் முழுகவில்லை.

நடுப்பகலில் நான் தனியாகக் கரைக்குப் போனேன். கதவு இறங்கியிருந்தது, வெளியே ஆறு நிறைந்து நின்றது. பக்கத்துக் கொட்டகையின் சிமெண்டுச் சுவரில் ஜுமாடி ஒவ்வொரு முறை கதவை அடைத்ததும் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர் இல்லை. அது அவருடைய வழக்கம். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. கடைசியாக நான் மாதக் கணக்குக்காக அந்தக் கோடுகளை எண்ணிக் குறித்துக்கொண்டது, அவர் காணாமல் போனதாகச் சப்ரி சொன்னதற்கு முந்தின வாரம். இப்போது அதற்கு மேல் ஐம்பதுக்கும் அதிகமான கோடுகள் இருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு. ஒன்றுகூட விடுபடவில்லை.

ஆள் பக்கத்திலேயே எங்கோ ஒளிந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படியானால் நான் கொடுத்த அறிக்கை பொய். அதைத் திருத்த வேண்டுமென்றால், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதவில்லை. மேனேஜரிடம் போய், கதவுக்கு ஆள் இல்லை என்று மட்டும் சொன்னேன். அடுத்த மாதமே தெற்கே இருநூறு அடி தள்ளி மோட்டார் வைத்த புதுக் கதவு போட்டுவிட்டார்கள். பழையதை அப்படியே விட்டார்கள். புதுக் கதவைப் பொருத்த வந்த சீனர் வேலை முடிந்ததும் என்னிடம் சொன்னார்: “உங்கள் ஆள் நல்ல ஆள், கிராணி. பழைய கதவின் சங்கிலிக்கு இன்று காலையில்தான் எண்ணெய் போட்டிருக்கிறார்.”

பெருநாள் காலைத் தொலைபேசி

ஜுமாடியின் மனைவி பெயர் ரொஹானி. ஆண்டுக்கு ஒருமுறை, நோன்புப் பெருநாள் காலையில் அவரிடமிருந்து தொலைபேசி வரும். அலுவலகத் தொலைபேசியின் இன்னொரு இணைப்பு பக்கத்திலிருந்த என் வீட்டில் இருந்தது. விடுமுறை நாளில் என் மனைவி கமலாதான் எடுப்பாள். ரொஹானி அழுவதும் இல்லை, சண்டை போடுவதும் இல்லை. ஜுமாடி இருக்கிறாரா என்று கேட்பார். அவ்வளவுதான். முதல் தடவை நான் பாரத்தில் எழுதியதை அப்படியே சொன்னேன்: ஓடிவிட்டார். ஊரில் எல்லாரும் அவர் அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்கிறார்கள் என்று ரொஹானி சொன்னார். அவர்கள் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றுதான் போலிருக்கிறது என்றார். பிறகு ஒன்று சொன்னார். தண்ணீர் ஏறும் நேரத்தில் அவர் பேச்சைப் பாதியில் வைத்துவிட்டுக் கதவுக்கு ஓடுவாராம். கடைசியாகப் பேசியபோதும் அப்படித்தான் வைத்தாராம்.

மறுமுனை வைத்த பிறகும் நான் தொலைபேசியைப் பிடித்தபடி இருந்தேன். கமலா என் கையிலிருந்து அதை வாங்கி வைத்தாள். அதிகம் பேசாதவள். அவளுக்கு அப்போதே உடம்பு சரியில்லை. “ஓடிட்டாருன்னு அந்தப் பொண்ணுகிட்ட இனிமே சொல்லாதீங்க. தெரியாதுன்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாதுதானே?”

ஒன்று மிச்சம்

கமலா போன மறு ஆண்டு தோட்டத்தில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அலுவலக இரும்பு அலுமாரியில்தான் இருக்கும். பத்திரத்துக்கு என்று சொல்லிக்கொள்வோம். ஓடாமல் இருப்பதற்கு என்பது எல்லாருக்கும் தெரியும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பது குற்றம் என்று வெகுநாளாகவே சட்டம் இருந்தாலும், மேலிடத்திலிருந்து கடுமையான உத்தரவு வந்த பிறகுதான் லயத்தில் ஆளுக்கு ஒரு பூட்டுப் பெட்டி வைத்து, சாவியை அவரவர் கையில் கொடுத்தோம்.

கொடுக்கும் நாளில் நாற்பத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஜுமாடிக்குப் பிறகு எண்ணிக்கை அதுதான். பெயரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் போன பிறகும் மேசையில் ஒன்று கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். ஜுமாடி. ஓடியவர்களின் பாஸ்போர்ட்டை அறிக்கையோடு ஒப்படைத்துவிடுவது வழக்கம். இதை நான் எப்படி விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அலுமாரியின் அதே தட்டில் பல ஆண்டுகளாக என் கை பட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

சப்ரி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். கையில் வாங்கி, படத்தை விரலால் துடைத்தார். எங்கள் தோட்டத்திலிருந்து ஓடிய எல்லாரும் பாஸ்போர்ட் இல்லாமல்தான் ஓடினார்கள், அதனால் இதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. “சாவி உங்களிடம் இருந்ததால்தான் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை, கிராணி. அவரிடம் இருந்திருந்தால், விட்டுவிட்டுப் போக மாட்டாரே என்று நீங்களே தேடியிருப்பீர்கள்.”

நல்ல மனுஷன்

அந்தப் பாஸ்போர்ட்டை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். எந்தப் பாரத்தோடு அனுப்புவது என்று புரியவில்லை. போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, தொழிலாளர் தங்குமிடத்தைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். வயதில் சிறியவர், பண்பானவர், என்னை ‘என்சிக்’, ஐயா, என்றுதான் கூப்பிட்டார். கட்டில், மின்விசிறி, கழிவறை எல்லாம் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சாயங்காலம் பிள்ளைகளைக் கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப் பூச்சி பார்க்க அழைத்துப் போக வேண்டுமாம். சீக்கிரம் முடிக்க நினைத்தார்.

கடைசியாகப் பெர்மிட் பட்டியலைக் கேட்டார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஆற்றோரம் இருக்கும் ஆளை இதில் காணோமே என்றார். வழி தவறி முதலில் பழைய கதவுப் பக்கம் போய்க் காரை நிறுத்தினாராம். அங்கே இருந்த ஒருவர் வந்து, இரண்டரை மணிக்குத் தண்ணீர் ஏறிவிடும், காரை மேட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றாராம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்று. ஒரு வேலையாளை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். கார் முதலில் நின்ற இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

பழைய கதவில் எங்களுக்கு ஆள் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கை இழுப்பறையைத் திறந்துவிட்டது. நாற்பத்து மூன்றாவது பாஸ்போர்ட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரே பார்வையில் இவர்தான் என்று தலையாட்டி, தம் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தார். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார். “பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்திருப்பது தவறு, என்சிக். ஆனால் நல்ல மனுஷன். கால்தான் முழுக்கச் சேறாக இருந்தது.”

மண்வாரி வந்த காலை

இரண்டே பதில்தான் இருந்தது. அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்றால் தோட்டத்துக்கு அபராதம். இல்லை என்றால் அதிகாரி பொய் சொன்னார் என்று ஆகும். மேனேஜர் எந்தப் பதிலிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நான் அன்றைக்குத்தான் முதல் முறையாக அவரிடம் கரிக்கோடுகளைப் பற்றிச் சொன்னேன். பார்க்காமல் எழுதினேன் என்பதையும் சொன்னேன். ஓடவே இல்லையென்றால் அவர் அங்கேதான் இருக்க வேண்டும், பழைய கதவை ஒருமுறை தோண்டிப் பார்த்துவிட்டால் எழுதுவதற்கு ஏதாவது இருக்கும் என்றேன்.  பிறகு, அதிகாரிக்குப் பதில் போட வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக மேனேஜர் மண்வாரி இயந்திரத்தை வரவழைத்தார்.

பழைய கதவுக்கு அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய்கள். ஒன்றில் தண்ணீர் ஓடும். மற்றது என்றைக்கோ சேறு அடைத்து நின்றுபோனது. அடைத்த குழாயைத் தோண்டிய அரை மணி நேரத்தில் சப்ரி கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சேற்றுக்குள் ஒரு மண்வெட்டி, ஒரு கைப்பேசி, அவற்றுக்குப் பக்கத்தில் அவர். போலீசுக்குச் சொன்னோம். அவர்கள் வரும்வரை நான் கொட்டகைக்குள் போய் நின்றேன். சுவரில் இடம் தீர்ந்து, கோடுகள் கொட்டகைக் கதவின் உட்புறத்துக்கு வந்திருந்தன. நாலு நேராக, ஐந்தாவது குறுக்காக. கடைசிக் கோட்டைத் தொட்டேன். விரலில் கரி ஒட்டியது.

மண்டோர் ஆறுமுகம் கரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். அடைத்த குழாயை ஒரு கை பார்க்கச் சொல்லி ஜுமாடியிடம் சொன்னது தான்தான் என்று அப்போது நினைவுக்கு வந்ததாகச் சொன்னார். ரவாங்கில் பார்த்தது யார் அண்ணே என்று கேட்டேன். யாரையும் குற்றம் சொல்லக் கேட்கவில்லை, எழுத வேண்டியிருந்தது. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “யாரும் பாக்கல, கிராணியாரே. ஓடுறவன் எல்லாம் அங்கதானே போறான்னு நானாத்தான் சொன்னேன். சொன்ன பெறவு எனக்கே பாத்த மாரி இருந்துச்சு.”

ஒரு காகிதம்

அவர்தான் என்று உறுதியாகச் சில மாதங்கள் ஆயின. உறுதியானதும் நான் பெருநாள் காலைக்காகக் காத்திருக்கவில்லை; நானே ரொஹானியைக் கூப்பிட்டேன். தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இப்போது தெரியும் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். என் தவறையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் கோழி கூவும் சத்தம் கேட்டது. காப்புறுதியைப் பற்றி, உடலை அனுப்புவதைப் பற்றி, தோட்டம் செய்ய வேண்டியதைப் பற்றி ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். கடைசியில் கேட்டார்: “இங்கே காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும், ஐயா. அவர் ஓடவில்லை என்று எழுதி, ஓடினார் என்று எழுதிய அதே கையெழுத்தோடு.”

இடைப்பட்ட கால முகவரி

ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த கடைசி வேலை அதுதான். இறப்புச் சான்று, போலீஸ் அறிக்கை, தோட்டத்தின் கடிதம், அந்தப் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஓடியதாகக் கொடுத்த அறிக்கையை மீட்டுக்கொள்ளக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். எண் சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஆள் இருக்கிறது போல என்று நினைத்த மாதிரி அடுத்த நாற்காலிக்குப் போனார்கள். அதில் அவரவருக்கு என்ன தோன்றியதோ, நான் கேட்கவில்லை. எழுந்தபோது நாற்காலிக்கு அடியில் தரை கொஞ்சம் ஈரமாக இருந்தது. வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

கவுண்டரில் இருந்த அம்மையார் பொறுமையாக எல்லாத் தாளையும் புரட்டினார். நான் பாரத்தை எழுதி நீட்டினேன். காணாமல் போன நாள், கண்டெடுத்த நாள், காரணம், எல்லாம் சரியாக இருந்தன. ஒரு கட்டத்தில் அவர் விரல் நின்றது. இடைப்பட்ட காலத்தில் தங்கியிருந்த முகவரி என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை, பெர்மிட்டில் இருந்த முகவரியோடு வைத்துப் பார்த்தார். பிறகு முத்திரையைக் கையில் எடுத்தபடி மெதுவாகக் கேட்டார்: “அப்படியென்றால் இத்தனை வருடமும் இதே விலாசத்தில்தான் இருந்தாரா, என்சிக்?”

நான் ஓடிப்போனதாக எழுதிக் கொடுத்த பதினேழு பேரில், பெர்மிட்டில் போட்டிருந்த இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகராமல் நிபந்தனையைக் கடைசிவரை காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான்.